பெரியவர்களுக்கு யோகா: பாதுகாப்பாகக் கற்பிப்பது எப்படி?

நாற்பது, ஐம்பது வயதில் முதன்முறையாக யோகா கற்க வருபவரின் உடலில், அதுவரை பார்த்த வேலையின் தடம் பதிந்திருக்கும். அவிநாசி, திருப்பூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின் முன் நாளெல்லாம் குனிந்திருப்பவருக்குக் கழுத்தும் தோளும் இறுகிப்போகும். செக்கிங், அயர்னிங் பிரிவுகளில் நின்றபடியே வேலை செய்பவருக்குக் கெண்டைக்காலும் இடுப்பும் வலிக்கும். இவர்கள் ஒரே வகுப்புக்கு வந்தாலும் பயிற்சியின் அளவு ஆளுக்கு ஆள் மாறவேண்டும்.

கொங்கு நாட்டில் இத்தகையோருக்கு நன்கு அறிமுகமான பயிற்சிமுறை, வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த மனவளக்கலை. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர் 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் வழியில், ஆழியாற்றில் அவருடைய அறிவுத் திருக்கோயில் அமைந்துள்ளது. அவருடைய எளியமுறை உடற்பயிற்சி கைப்பயிற்சியில் தொடங்கி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர் எனச் சென்று, உடல் தளர்த்தலில் முடிகிறது. முதலில் கைகால்களை அசைத்து உடலைச் சூடேற்றுவது, பிறகு முதுகுக்கு வருவது, கடைசியில் ஓய்வு என்ற இந்த வரிசை எந்த யோகா வகுப்புக்கும் பொருந்தும்.

சென்னையில் வாழ்ந்த யோகாசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989), கற்பவரின் வயது, உடல்நிலை, தொழில் ஆகியவற்றுக்கேற்பப் பயிற்சியை மாற்றவேண்டும் என்று வலியுறுத்தினார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அந்த வழியில் தனிநபர் பயிற்சிக்கு முதலிடம் தந்தது. குனிந்து கால்விரலைத் தொட முடியாதவர் முழங்காலைச் சற்று மடக்கலாம். தரையில் உட்கார முடியாதவர் நாற்காலியில் அமர்ந்து செய்யலாம்.

தசையைச் சட்டென்று இழுத்தால், அதற்குள் இருக்கும் உணர்விழைகள் நீட்சியை உணர்ந்து, தசையைச் சுருங்கச் செய்கின்றன. குலுக்கிக் குலுக்கி நீட்டும்போது காயம் ஏற்பட இதுவும் ஒரு காரணம். மெதுவாக நீட்டி, இழுவை தெரியும் இடத்தில் நின்றுவிட்டால் இந்த எதிர்வினை தணியும். ஐந்து முதல் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றியபின், ஒவ்வொரு நீட்சியையும் 10 முதல் 30 விநாடி வரை பிடிப்பது பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. முதியவர்கள் 30 முதல் 60 விநாடி வரை பிடிக்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது தொடர்ந்து செய்தால்தான் பலன் தெரியும். இதமான இழுவை இருக்கலாம். குத்தும் வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்தவேண்டும்.

வகுப்பில் சேர்க்கும் முன்பே ஆசிரியர் நோய் விவரத்தைக் கேட்டறிய வேண்டும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபதியையும் மூச்சை அடக்குவதையும் தவிர்ப்பது நல்லது. கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்கள் ஆகாது. எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் முதுகை முன்னால் வளைத்து அழுத்தக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை குறையக்கூடும் என்பதால், எப்போது என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் முழுச்சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரம் விட்டுப் பயிற்சி செய்வது வழக்கம்.

மூச்சும் தியானமும் பயிற்சியின் இன்னொரு பாதி. மூச்சை வலிந்து நிறுத்துவதைவிட, வெளிமூச்சைச் சற்று நீட்டி விடச் சொல்வது தொடக்கநிலைக்கு ஏற்றது. உடல் தளர்த்தலுக்குப் பின் ஒருக்களித்துப் படுத்து, நிதானமாக எழச் சொல்லவேண்டும். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரலாம். தீவிர மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் நீண்ட நேரத் தியானத்தைத் தொடங்குமுன் மருத்துவரிடம் ஆலோசிப்பது அவசியம்.

ஆசிரியர் கையால் அழுத்தி உடலை வளைப்பதற்கு மாறாக, வாயால் சொல்லியும் செய்துகாட்டியும் திருத்துவதே பாதுகாப்பானது. தொட்டுத் திருத்தவேண்டிய இடத்தில் முதலில் அனுமதி கேட்கவேண்டும். எந்த வகுப்பிலும் மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது. நோய்க்கான மருந்தின் அளவை முடிவுசெய்யும் பொறுப்பு மருத்துவருக்கே உரியது.