பொருளும் நாமும் – 11: கண்ணாடி நூலும் நானோ துகளும்

நல்லம்பள்ளியைத் தாண்டித் தொப்பூர்க் கணவாயில் இறங்கும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், அவ்வப்போது ஒரு நீளமான டிரெய்லர் லாரி ஊர்ந்து போகும். அதன்மேல் வெள்ளை நிறத்தில் ஒற்றை இறக்கை. கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலம் வரையிலான சரிவில் சாதாரண லாரியை இறக்குவதற்கே ஓட்டுநர்கள் பயப்படுவார்கள். இந்த லாரிக்காரர்களின் கைப்பக்குவத்துக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்லவேண்டும். காற்றாலைகள் நிற்கும் தென்மாவட்டங்களை நோக்கிப் போகும் இறக்கை அது. புதிய காற்றாலைகளில் ஒரு இறக்கையே அறுபது மீட்டரைத் தாண்டுகிறது.

பார்ப்பவர்களில் பலர் அதை இரும்பு என்றோ அலுமினியம் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். அதில் பெரும்பங்கு கண்ணாடி. கண்ணாடி நூலை அடுக்கடுக்காகப் பரப்பி, எபாக்சி பிசினை ஊட்டி இறுகவைத்த கலப்புப் பொருள். மீனவர்களின் பைபர் படகும் பஸ்ஸின் முன்முகப்பும் இதே குடும்பம்தான்.

கைதவறினால் நொறுங்கும் கண்ணாடியை நம்பி இவ்வளவு பெரிய இறக்கையைச் செய்யலாமா? இதற்கு விடை தந்தவர் இங்கிலாந்துப் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித். கண்ணாடியை நூலாக இழுத்து, ஒவ்வொன்றையும் அறுபடும்வரை சோதித்தார். நூல் மெலிய மெலிய, அதன் தடிமனுக்கு அது தாங்கும் சுமை கூடிக்கொண்டே போனது. 1921-இல் வெளியான அவருடைய ஆய்வு சொன்ன காரணம் எளிமையானது. கண்ணாடியின் அணுப்பிணைப்பு பலமானது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் அதை உடைக்கின்றன. மெல்லிய நூலில் பெரிய கீறலுக்கு இடமில்லை. இறக்கையில் இருக்கும் நூல் 10 முதல் 20 மைக்ரான் தடிமன். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான்.

நூல் மட்டும் போதாது. அதைப் பிடித்து நிறுத்தப் பிசின் வேண்டும். கண்ணாடியும் பிசினும் இயல்பாக ஒட்டிக்கொள்வதில்லை. நெசவாளர் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது போல, நூற்கும்போதே கண்ணாடி நூலுக்கு சிலேன் என்ற வேதிப்பொருளைப் பூசுகிறார்கள். அதன் ஒரு முனை கண்ணாடியைப் பற்றுகிறது, மறுமுனை பிசினைப் பற்றுகிறது.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் இறக்கை பழுதாகிறது. பழுது பெரும்பாலும் நூலில் தொடங்குவதில்லை. அடுக்குகளுக்கு இடையே இருக்கும் பிசினில் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் சொந்த எடையே அதை ஒருமுறை ஒரு பக்கமும் அடுத்து மறுபக்கமும் வளைக்கிறது. நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்து, 20 ஆண்டு நிற்காமல் சுழல்வதாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15 கோடியைத் தாண்டும். இந்த அலுப்பில்தான் பிசினில் மயிரிழை விரிசல் விட்டு, அடுக்குகள் மெல்லப் பிரிகின்றன.

நானோ துகள்களுக்கு இங்கேதான் வேலை. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. 20 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா துகள்கள் ஒரு கிராம் எடுத்தால், அவற்றின் மேற்பரப்பு மொத்தம் ஆயிரம் சதுர அடிக்கு மேல் வரும். அவ்வளவு பரப்பிலும் பிசின் பற்றிக்கொள்கிறது. ஓடிவரும் விரிசல் துகளைச் சுற்றி வளைந்து போகவேண்டியிருப்பதால் அதன் வேகம் குறைகிறது. 1991-இல் ஜப்பானின் சுமியோ இஜிமா உலகறியச் செய்த கார்பன் நானோகுழாய் என்றால், விரிசலின் இரு கரையையும் தைத்துப் பிடிக்கிறது.

சொல்வதற்கு எளிது. செய்வதில் பெரிய தடை, துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கட்டிதட்டிப் போவது. மீயொலி செலுத்திப் பிரித்தாலும் மறுபடி சேரும். கட்டியான இடமே புதிய பலவீனம் ஆகிவிடும். அதனால்தான் நானோகுழாயை நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே பெரும்பாலான ஆய்வுகளில் கலக்கிறார்கள். அளவு கூடினால் பலம் இறங்கிவிடுவதும் உண்டு. பிசின் கெட்டியாகி அடுக்குகளுக்குள் இறங்காமல் நிற்பது இன்னொரு தொல்லை. நெருக்கமான கண்ணாடித் துணி வடிகட்டி போலத் துகள்களை வழியிலேயே நிறுத்திவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் மெக்கானிக்கல் துறைகளில் பிசினில் நானோ துகள் கலப்பது பழகிய ஆய்வுத் தலைப்பு. கண்ணாடி நூல் விரிப்பை வெட்டி, பிசினில் அதை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து, உருளையால் தேய்த்துத் தகடு செய்து, இழுத்து முறித்து, இத்தனை சதவீதம் பலம் கூடியது என்று எழுதுகிறார்கள். உழைப்பு உண்மையானது. ஆனால் ஒரேயொரு முறை இழுத்து முறித்துப் பார்ப்பது, கோடிக்கணக்கான முறை வளையும் பொருளைப் பற்றி அதிகம் சொல்லாது. அலுப்புச் சோதனைக்கு நாள்கணக்கில் இயந்திரம் ஓடவேண்டும், செலவும் ஆகும். இருந்தும் தேவையான சோதனை அதுதான்.

பழசாகிப்போகும் இறக்கைகளைப் பற்றி இன்னொரு கவலையும் இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க 2024-இல் மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. கழற்றப்படும் இறக்கைகள் எங்கே போகும்? இறுகிய எபாக்சியை மறுபடி உருக்க முடியாது. ஆதித்ய பிர்லா குழுமத்தின் ரீசைக்ளமின் என்ற பொருளைக் கொண்டு இறுகவைத்த பிசின், மிதமான அமிலத்தில் கரைந்து நூலை விட்டுவிடும். 2021-இல் சீமென்ஸ் கமேசா அறிவித்த மறுசுழற்சி இறக்கையில் இருப்பது இதுதான். பழைய இறக்கைகளுக்கு இந்த வழி இல்லை. அவற்றை அறுக்கும்போது கண்ணாடித் தூசி பறக்கும். நானோகுழாய் கலந்திருந்தால் அச்சம் இன்னும் கூடும். நானோகுழாய்களில் ஒரு வகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று 2014-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பைபர் அறுக்கும் தொழிலாளிகளை நம் பட்டறைகளில் இன்றும் பார்க்கிறோம். கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது.

தொப்பூரிலும் செட்டிக்கரையிலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இறக்கை லாரிகள் உங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றன. அடுத்த முறை நானோ கலந்து தகடு செய்யும்போது, அது எத்தனை ஆயிரம் வளைவு தாங்கியது என்று சோதித்து எழுதுங்கள். அறுக்கும்போது எந்த முகக்கவசம் அணிந்தீர்கள், மீந்த துண்டுகளை என்ன செய்தீர்கள் என்பதையும் அதே அறிக்கையில் எழுதுங்கள்.