பதக்கம் போதுமா?

களத்திலே குண்டுக்குத் தப்பியவன், வீடு திரும்பிய பின் தன்னுயிரைத் தானே மாய்த்துக் கொள்கிறான்! அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் இவ்விதம் மாண்ட முன்னாள் படைவீரர்கள் 6,407 பேர். கோழைகளா இவர்கள்? அப்படிக் கூறும் நாவைக் கேட்கிறோம்: களம் கண்டதுண்டா நீ?

பதக்கம் குத்தினர், பாராட்டுரை பொழிந்தனர். அவனுடைய உறக்கமற்ற இரவுகளுக்கு யார் பொறுப்பு?

2020-இல் சட்டம் செய்தனர். அதன்படி 2023 முதல், சாகும் எண்ணத்தால் தவிக்கும் வீரன் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் செல்லலாம், 30 நாள் வரை தங்கிச் சிகிச்சை பெறலாம், செலவு சர்க்காருடையது. நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை நாம். ஆனால் மாண்டவர்களிலே நூற்றுக்குச் சுமார் 60 பேர், அண்மையில் படைவீரர் மருத்துவமனைப் படியையே மிதிக்காதவர்களாயிற்றே! படைக்கு ஆள் சேர்க்கப் பள்ளிக்கூடம் வரை தேடிச் சென்ற சர்க்கார், இன்று அவனாக வரட்டும் என்று காத்திருக்கலாமா?