கங்காணி போனான், ஏஜெண்டு வந்தான்!

கடல் கடந்தால் சாதி கெடும், சாத்திரம் கெடும் என்று ஓதியவர்கள் உண்டு இந்த நாட்டில். மாமல்லபுரத்து அலைகளுக்கு அந்தச் சாத்திரம் தெரியாது! பல்லவர் காலத்தில் அது துறைமுகம். கலங்கள் போயின, கலங்கள் வந்தன. அந்தப் பெருமையை மேடைதோறும் பேசுகிறோம். கேட்போர் கை தட்டுகிறார்கள்.

ஆனால், தமிழன் கடல் கடந்த கதை அந்தப் பெருமையோடு முடிந்துவிடவில்லை. 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்றொரு கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயிற்று. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல் அது. அதைத் தொடர்ந்து 1911 வரையில் கப்பல் கப்பலாக ஆட்கள் போயினர். வட ஆர்க்காட்டு மக்களும் செங்கற்பட்டு மக்களும் அவர்களில் ஏராளம். ஆளுக்கொரு எண் கொடுத்தான் வெள்ளையன். பெயர் மறைந்தது, எண் நின்றது!

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன் நிலை என்ன? கங்காணி முன்பணம் தந்தான். பட்ட கடனை ஒரு சீட்டிலே எழுதினார்கள். ‘துண்டு’ என்று அதற்குப் பெயர். அந்தத் துண்டிலே உள்ள தொகையை யாராவது கட்டினால்தான் தொழிலாளி வேறு தோட்டம் போகலாம். துண்டு காகிதம்தான், ஆனால் இரும்புச் சங்கிலிக்கு இளைத்ததல்ல! 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள்.

ஒழித்தார்கள், சரி. ஒழிந்ததா?

இன்று கடல் கடக்க நிற்பவள் நம் தங்கை. சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும், திருக்கழுக்குன்றத்திலும் மதுராந்தகத்திலும் இப்படிப்பட்ட தங்கைகள் இருக்கிறார்கள். தந்தை வலை இழுத்தவர். தாய் மீன் கூடை சுமந்தவள். மகள் கையிலோ செவிலியர் பட்டம்! 1965இல் செங்கற்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. படிப்பு பட்டினத்துக்காரருக்கே என்றிருந்த நிலை மாறி, பக்கத்து ஊரிலேயே கிடைத்தது.

அவளுக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் அது அடிமையின் எண்ணல்ல, அறிவின் எண். 1926இல், பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சியிலே, சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. முறையாகப் பயின்றவளின் பெயர் அரசுப் பதிவேட்டிலே ஏறியது. பாட்டன் பெற்ற எண் அவன் பெயரைப் பறித்தது. பேத்தி பெற்ற எண் அவளுக்குப் பெயர் தந்தது!

அந்தப் பதிவோடு அயல்நாடு போவதற்கு வழி இருக்கிறது. நீண்ட வழிதான், ஆனால் நேரான வழி. மன்றத்திலே பதிவு. பாஸ்போர்ட். பிறகு போகும் நாட்டுக்கேற்ற தேர்வு. பிரிட்டன் என்றால் ஆங்கிலத் தேர்வு, கணினியிலே தொழில் தேர்வு, அங்கே சென்றபின் செய்முறைத் தேர்வு. ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழி. வளைகுடா என்றால் சான்றிதழ்ச் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு. இவற்றோடு மன்றத்தின் நற்சான்று, காவல்துறைச் சான்று, மருத்துவச் சோதனை. எல்லாம் முடிந்தபின் விசா.

இத்தனை படிகளா என்று மலைத்து நிற்கிறாள் தங்கை. “நான் இருக்கிறேன், கவலைப்படாதே!” என்று பல்லிளித்துக்கொண்டு வருகிறான் ஏஜெண்டு. எல்லா ஏஜெண்டுகளையும் சொல்லவில்லை. உரிமம் பெற்று ஒழுங்காக நடப்பவர்களும் உண்டு. அவர்கள் வாங்கக்கூடிய தொகைக்கு விதி இருக்கிறது: 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. வரி. அவ்வளவே! நாம் சொல்வது விதியை விழுங்கி ஏப்பம் விடுபவர்களை.

2015இல் கொச்சியிலே வெளிப்பட்ட வழக்கைப் பாருங்கள். குவைத்துக்குச் செவிலியரை அனுப்பிய ஒரு நிறுவனம் வாங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட தொகை 19,500 ரூபாய். வாங்கியதாக மத்தியப் புலனாய்வுத் துறை குற்றம் சாட்டிய தொகை, ஆளுக்குப் பத்தொன்பதரை லட்சம்! இரண்டே இரண்டு சுழியங்கள் கூடின; எத்தனை குடும்பங்களின் வீடும் நகையும் சுழியமாகியிருக்கும்! குடிபெயர்வோரைக் காக்க அமர்ந்த அதிகாரி ஒருவர் மீதும் அதே வழக்கில் குற்றச்சாட்டு. வேலிக்கே காவல் வேண்டியிருக்கிறது!

கடன் என்ன செய்யும் என்பதற்கு ஈராக் சாட்சி. 2014இல் அங்கே போர் மூண்டபோது 46 இந்தியச் செவிலியர் சிக்கிக்கொண்டனர். பெரும்பாலோர் கேரளத்தவர், தூத்துக்குடிப் பெண் ஒருவரும் இருந்தார். ஜூலை மாதம் பத்திரமாகத் திரும்பினர். குண்டு விழும் இடத்தில் இருந்துகொண்டும், “கடனை அடைக்காமல் எப்படி ஊர் திரும்புவது?” என்று கலங்கியவர்கள் அவர்களில் இருந்ததை ஏடுகள் எழுதின. குண்டைவிடக் கடன் கொடியது என்றால், அந்தக் கடன் பத்திரம் அன்றைய துண்டுச் சீட்டின் தங்கைதானே!

2015இல் ஒன்றிய அரசு விழித்தது. குவைத், சவூதி உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியர் செல்லக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம், அரசு நிறுவனங்கள் வழியாகவே ஆள் எடுக்கவேண்டும் என்று ஆணையிட்டது. தமிழ்நாட்டிலே அதற்கென்று 1978இலேயே பிறந்த நிறுவனம் உண்டு: அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அது யார் ஆட்சியில் பிறந்தது என்ற கணக்கு நமக்கு வேண்டாம். ஏழைப் பெண்ணுக்கு அதன் கதவு தெரிகிறதா என்பதே நம் கேள்வி. ஏஜெண்டின் விளம்பரம் பேருந்து நிலையச் சுவரிலே; அரசின் அறிவிப்பு அலுவலகக் கோப்பிலே என்றால், தங்கை எந்தக் கதவைத் தட்டுவாள்?

“ஏன் போகவேண்டும்? இங்கேயே சேவை செய்யலாமே?” என்று உபதேசிப்போர் இருக்கிறார்கள். அவர்களை ஒன்று கேட்கிறோம். 2015இல் தேர்வெழுதி வென்று அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தப் பணியில் சேர்ந்த செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய்தானே கொடுத்தார்கள்! 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு அமர்ந்து நியாயம் கேட்டது மறந்துவிட்டதா? பின்னர் தொகை உயர்ந்தது, உண்மை. போராடியதால் உயர்ந்தது! வயிற்றைக் காயப்போட்டுவிட்டுச் சேவையைப் பாடுவது வேதாந்தம், சமதர்மம் அல்ல. இந்தக் கேள்வியை எந்த ஆட்சியிடமும் கேட்போம். நம் ஆட்சியாயினும் கேட்போம்.

சேவைக்கு எல்லைக்கோடும் இல்லை. செங்கற்பட்டுத் திருமணியிலே தொழுநோயாளருக்கு மருத்துவம் பார்த்த காக்ரேன் பிரிட்டன்காரர். அவர் இங்கு வந்தது தொண்டென்றால், நம் தங்கை அங்கு போவது மட்டும் துரோகமா?

கேரளம் 1996இலேயே வெளிநாடு வாழ் மலையாளிகளுக்குத் தனித்துறை கண்டது. 2021இல் ஜெர்மனியோடு உடன்பாடு செய்து, தேர்வான செவிலியருக்குக் கட்டணமின்றி மொழி கற்பித்து அனுப்ப வழி வகுத்தது. அதே வசதி செங்கற்பட்டிலும் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். கல்லூரியிலேயே மொழி வகுப்பு. மாவட்டத் தலைநகரிலே சான்றிதழ் வேலை முடிக்க ஒரு மேசை. தேர்வுக் கட்டணத்துக்கு வட்டியில்லாக் கடன். இங்கேயே இருக்க விரும்புவோருக்கு நிரந்தரப் பணி, நியாயமான ஊதியம். அப்போதுதான் போவது விருப்பம். இல்லையேல் அது விரட்டு!

தங்கையே, உனக்கும் ஒரு சொல். உரிமம் இல்லாதவனிடம் ஒரு காசும் கொடாதே. உரிமம் உள்ளவனிடமும் ரசீது இல்லாமல் கொடாதே. மூலச் சான்றிதழை எவன் பெட்டியிலும் வைக்காதே. வேலைக்குச் சுற்றுலா விசாவில் ஏறாதே. ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்தபின் கையெழுத்திடு. பிரிட்டனின் நெறிமுறை, வேலை தேடித் தருவதற்கு உன்னிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. கேட்பவனிடம் அதைச் சொல்!

துண்டு முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. ஏஜெண்டின் கொள்ளையைத் தடுக்கவும் சட்டம் இருக்கிறது. சட்டம் கோப்பிலே உறங்காமல், கடற்கரைக் குப்பத்து வாசல் வரை நடந்து வரட்டும். பாட்டன் போன கடலில் பேத்தி போகட்டும், கடனாளியாக அல்ல, கற்றவளாக!