சிங்கத் தலையும் இரத்தப் பரிசோதனையும்

1907ஆம் ஆண்டில் ஹான்ஸ் விங்க்லர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் தக்காளியையும் மணத்தக்காளியையும் ஒட்டுக்கட்டி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒட்டுப் பிடித்த இடத்திலேயே தண்டைக் குறுக்கே வெட்டினார். வெட்டுவாயிலிருந்து கிளம்பிய தளிர்களில் ஒன்று விசித்திரமாக வளர்ந்தது: ஒரு பக்கம் முழுக்கத் தக்காளி இலை, மறுபக்கம் மணத்தக்காளி இலை. இதற்குப் பெயர் வைக்க அவர் கிரேக்கப் புராணத்துக்குப் போனார். ஹோமரின் 'இலியட்' காவியத்தில் ஒரு பிராணி வருகிறது. முன்புறம் சிங்கம், நடுவில் வெள்ளாடு, பின்புறம் பாம்பு. மூச்சு விட்டால் நெருப்பு. கைமீரா என்பது அதன் பெயர். 1920இல் 'ஜீனோம்' என்ற சொல்லை உருவாக்கியவரும் இதே விங்க்லர்தான். பெயர் வைப்பதில் மனிதர் கைராசிக்காரர்!

விங்க்லருக்கு முன்பே கைமீரா என்ற சொல் நிறைய ஊர் சுற்றியிருந்தது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் 'கைமீரா' என்றால் நடக்காத கனவு, வெறும் மனக்கோட்டை. 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் ஓர் ஆழ்கடல் மீனுக்கு அதைச் சூட்டினார். சுறாவின் தூரத்து உறவான அந்தக் குருத்தெலும்பு மீனின் குடும்பமே இன்றும் கைமீராதான்.

உயிரியலில் இதற்குக் கறாரான பொருள் உண்டு. கோவேறு கழுதை கைமீரா அல்ல. அதன் ஒவ்வொரு செல்லிலும் குதிரையும் கழுதையும் பாதிப்பாதி, அது கலப்பினம். கைமீராவில் செல்கள் கலப்பதில்லை. தக்காளிச் செல் தக்காளியாகவே, மணத்தக்காளிச் செல் மணத்தக்காளியாகவே இருந்துகொண்டு ஒரே உடலில் குடித்தனம் நடத்தும். 1984இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் செம்மறியாட்டின் கருவையும் வெள்ளாட்டின் கருவையும் தொடக்க நிலையிலேயே ஒன்றுசேர்த்துக் குட்டி பிறக்கச் செய்தார்கள். அதன் தோலில் செம்மறிச் செல்கள் இருந்த இடத்தில் கம்பளி. வெள்ளாட்டுச் செல்கள் இருந்த இடத்தில் முடி. இதையும் 'கலப்பின ஆடு' என்று எழுதும் செய்திகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மனிதர்களிலும் உண்டு. 1953இல் பிரிட்டனில் இரத்த தானம் செய்ய வந்த ஒரு பெண்ணின் உடலில் ஓ, ஏ என இரண்டு வகை இரத்தமும் ஓடுவது தெரியவந்தது. உங்களோடு இரட்டையாகப் பிறந்தவர் உண்டா என்று விசாரித்தார்கள். உண்டு, ஒரு தம்பி, மூன்று மாதக் குழந்தையிலேயே இறந்துவிட்டான் என்றார். கருப்பையில் இருவரின் இரத்தக் குழாய்களும் இணைந்திருந்தபோது அவனுடைய இரத்தத்தை உண்டாக்கும் செல்கள் அக்காவின் உடலுக்குள் வந்து தங்கிவிட்டிருந்தன. தம்பி போய்ப் பல ஆண்டுகள் கழிந்தும் அவனது இரத்தம் அவரிடம் ஊறிக்கொண்டே இருந்தது.

இரட்டையர்தான் என்றில்லை. ஆண் குழந்தை பெற்ற ஒரு தாயின் இரத்தத்தில் 27 ஆண்டுகளுக்குப் பிறகும் ஆண் செல்கள் இருந்ததை மரபியலாளர் டயானா பியாங்கியின் குழு 1996இல் அறிவித்தது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கோ 'கைமெரிசம்' என்பது பரிசோதனை அறிக்கையில் வரும் ஒரு சொல். இரத்தச் செல்களில் கொடையாளியுடையவை எத்தனை சதவீதம் என்பதை அது காட்டும். நூறை எட்டினால் மருத்துவருக்கு நிம்மதி.

புற்றுநோய்க்கான 'கார்-டி' சிகிச்சையில் வரும் 'கார்' (CAR) என்பதன் முதல் எழுத்திலும் கைமீரா ஒளிந்திருக்கிறது. இங்கே சேர்வது செல்கள் அல்ல, வெவ்வேறு புரதங்களின் துண்டுகள்: செல்லுக்கு வெளியே நீட்டியிருப்பது எதிரியை அடையாளம் காணும் ஆன்டிபாடியின் துண்டு, உள்ளே இருப்பது டி-செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லைத் தாக்குதலுக்குத் தூண்டும் துண்டு. விங்க்லரின் கறார்க் கணக்கில் இது கைமீரா ஆகாது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது.

புராணத்துக் கைமீராவின் நெருப்பை நேரிலேயே பார்க்கலாம் என்பது கூடுதல் செய்தி. துருக்கியின் தெற்குக் கடற்கரையில், புராணத்தில் அந்தப் பிராணியின் ஊரான பழைய லிசியா நாட்டில், யானர்தாஷ் என்ற மலைச்சரிவு இருக்கிறது. பாறை இடுக்குகளில் கசியும் மீத்தேன் அங்கே 2,000 ஆண்டுகளுக்கு மேலாக எரிந்துகொண்டிருக்கிறது. ரோமானியரான பிளினியே இதைக் குறித்து வைத்திருக்கிறார். மட்கிய உயிர்களிலிருந்து வரும் வழக்கமான மீத்தேன் அல்ல இதில் பெரும்பகுதி. பாறையும் நீரும் வினைபுரிந்து ஹைட்ரஜன் உண்டாகிறது. அது கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து மீத்தேன் ஆகிறது. பாறையிலுள்ள ருத்தேனியம் வினையூக்கியாக உதவுவதாகக் கருதுகிறார்கள். செவ்வாய்க் கோளில் மீத்தேன் கிடைத்தாலே அங்கே உயிர் உண்டு என்று துள்ளிக் குதிக்க முடியாமல் போவதற்கு இதுபோன்ற இடங்களும் ஒரு காரணம்.