கண்காட்சிச் சுவரொட்டியும் இலத்தீனோக் கலையும்

நூதனசாலையொன்று கண்காட்சி நடத்தக் கருதுமாயின், அதன் முதற் சொல் வாயிலிலே அன்றி வீதிச் சுவரிலேயே சொல்லப்படுகின்றது. சுவரொட்டி, அழைப்பிதழ், துண்டுப்பிரசுரம் என்பன இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னது காட்டப்படும் என அறிவிக்கும் அளவோடு நின்றுவிடுவனவல்ல. விருந்தினராக வருமாறு அழைக்கப்படுவோர் யார், வேடிக்கைப் பொருளாக எடுத்துக் காட்டப்படுவோர் யார் என்பதையும் அவை சொல்லாமற் சொல்லிவிடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் வாழும் இலத்தீனோ மக்களின் கலை வரலாற்றை நோக்குவார்க்கு இது தெள்ளிதிற் புலனாகும். மெக்சிக்கோ, புவேர்ட்டோ றிக்கோ, கியூபா முதலிய இலத்தீன் அமெரிக்க நாடுகளை வேராகக் கொண்ட இம்மக்களின் தொகை, 2020 ஆம் ஆண்டுக் குடிசனக் கணிப்பின்படி ஏறக்குறைய 6 கோடியே 20 இலட்சமாகும். அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் என்னும் அளவினராய் இருந்தும், பெரிய நூதனசாலைகளின் சுவரில் இடம்பெறுதற்கு அவர்தம் கலைஞர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. அக்காலமெல்லாம் அவர்களுக்குக் கலைக்கூடமாக உதவியது சுவரொட்டியே.

இதன் மூலத்தை மெக்சிக்கோவிலே தேடல் வேண்டும். ஹொசே குவாடலூப்பே பொசாடா (1852–1913) என்னும் செதுக்கோவியர், மெக்சிக்கோ நகரில் வனேகாஸ் அறோயோ என்பாரின் அச்சகத்துக்காக மலிவான ஒற்றைத்தாட் பிரசுரங்களுக்குப் படங்கள் செதுக்கி வந்தார். நவம்பர்த் தொடக்கத்தில் இறந்தோரை நினைந்து கொண்டாடப்படும் விழாவின்போது, எலும்புக்கூடுகள் மனிதரைப் போல ஆடிப்பாடியும் வண்டியோட்டியும் வழக்காடியும் நிற்கும் அவருடைய படங்கள் சில்லறைக் காசுக்குத் தெருவிலே விற்கப்பட்டன. அவற்றுள் மிகுந்த புகழெய்தியது, இறகு சூடிய பெருந்தொப்பியணிந்த ஒரு பெண்ணின் மண்டையோடு. தன் பழங்குடிப் பிறப்பை மறைத்து ஐரோப்பியச் சீமாட்டியாக நடிப்போரை எள்ளி நகையாடுவதற்காக அது செதுக்கப்பட்டது. 1947 இல் டியேகோ றிவேறா தம் பெருஞ்சுவரோவியத்தில் அதற்கு முழு உடலும் உடையும் கொடுத்தபின், அது 'கத்திறீனா' என்ற பெயரோடு நாடறிந்த உருவமாயிற்று. இன்றைய நூதனசாலை விளம்பரங்களில் இவ்வுருவம் மெக்சிக்கோப் பண்பாட்டின் எழிற் சின்னமாக அச்சிடப்படுவதைப் பொசாடா காண நேர்ந்திருப்பின் நகைத்திருப்பார் போலும். போலிப் பகட்டை இகழப் பிறந்த படமே பகட்டுக்கு உதவும் நிலை அது.

சுவரொட்டியைத் தனிக்கலையாக வளர்த்த பெருமை புவேர்ட்டோ றிக்கோத் தீவினுக்கே பெரிதும் உரியது. 1898 முதல் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட அத்தீவில், 1940களின் இறுதிவரை பாடசாலைகளில் ஆங்கிலத்தைப் போதனாமொழியாக்கும் முயற்சி தொடர்ந்து நடைபெற்று வந்தது. மக்களாற் தெரிவு செய்யப்பட்ட முதல் ஆளுநர் 1949 இற் பதவியேற்றார். அவ்வாண்டிலேயே சமுதாயக் கல்விப் பிரிவு என்னும் அரசாங்கத் திணைக்களம் அமைக்கப்பட்டது. கிராமந்தோறும் திரைப்படங் காட்டுதலும், எளிய நூல்களை வழங்குதலும் அதன் பணி. படக்காட்சியை முன்னறிவித்தற்கு ஐறீன் டெலானோ என்னும் ஓவியர் பட்டுத்திரை அச்சு முறையைக் கலைஞர்க்குக் கற்பித்தார். எழுத்தறியாதார் பலராக இருந்த மலைநாட்டுக் கிராமங்களில், படமே முதலிற் பேச வேண்டியிருந்தது. காட்சி முடிந்தபின் குடியானவர் அத்தாள்களைக் கழற்றிச் சென்று தம் வீட்டுச் சுவரிலே மாட்டி வைத்தனர் என்று கூறுவர். நாள் கடந்த விஞ்ஞாபனத்துக்கு அதனினும் உயர்ந்த பாராட்டுக் கிடைத்தல் அரிது.

அம்முறை யாதென அறிதல் ஈண்டு வேண்டப்படும். மரச்சட்டத்தில் மெல்லிய பட்டுத்துணி இழுத்துக் கட்டப்படும். மை படக்கூடாத இடங்கள் யாவும் வெட்டிய தாளாலோ பசையாலோ அடைக்கப்படும். துணிமீது மையை வார்த்து, இறப்பர் விளிம்புள்ள கட்டையால் அழுத்தி இழுக்க, அடைபடாத நுண்கண்களின் வழியே மை கீழுள்ள தாளில் இறங்கும். வண்ணத்துக்கு ஒரு திரையாக, நான்கு வண்ணப் படத்துக்குத் தாள் நான்குமுறை திரையின்கீழ்ச் செல்லுதல் வேண்டும். பெரும் இயந்திரமோ முதலோ வேண்டியதில்லை. ஒரு மேசையும் தாள்களை உலரவிடக் கொடியும் இருந்தாற் போதும். வறியோர் நடத்திய கலைக்கழகங்கள் பலவும் இம்முறையையே மேற்கொண்டமைக்குக் காரணம் இதுவே. மையின் கனத்தால் தோன்றும் வண்ணப் பொலிவும் பிற அச்சு முறைகளில் எளிதிற் கிட்டாதது.

இக்கலையிற் தலைசிறந்தவர் லொறென்சோ ஓமார் (1913–2004). இளமையிலே நியூயோர்க் சென்று, கார்ட்டியே நகை நிறுவனத்தில் அணிகலன் வரைவாளராகத் தொழில் புரிந்து, 1950 இற் தாயகம் மீண்டவர். 1955 இல் நிறுவப்பட்ட புவேர்ட்டோ றிக்கோப் பண்பாட்டு நிறுவனத்துக்கு றிக்காடோ அலேக்றியா இயக்குநரானார். அதன் அச்சோவியப் பட்டறையை 1957 இல் ஓமார் தொடக்கி 1973 வரை நடத்தினார். கண்காட்சி, நாடகம், விழா என நிறுவனம் எது நடத்தினும் அதற்குரிய சுவரொட்டி அப்பட்டறையிலிருந்தே வெளிவந்தது. நகைத் தொழிலிற் பயின்ற நுண்மை அவர் எழுத்துக்களிலே துலங்குகின்றது. பிறர் படத்தை வரைந்தபின் எஞ்சிய இடத்தில் எழுத்தை நிரப்புவர். ஓமாரோ எழுத்தையே படமாக்கினார். சில தாள்களில் எழுத்தைத் தவிர வேறுருவம் தேடினும் பெரிதாகக் கிடையாது. பள்ளியிற் பின்தள்ளப்பட்ட ஸ்பானிய மொழி, வீதிச் சுவரில் இத்துணை அழகோடு எழுந்து நின்றமை வெறும் அலங்காரமாகக் கொள்ளத்தக்கதன்று. அவரிடம் பயின்றோருள் அந்தோனியோ மார்த்தொரெல் முதலானோர் பின்னர்த் தாமே பட்டறைகள் நிறுவினர்.

தீவிலிருந்து நியூயோர்க்கிற் குடியேறிய மக்கள் கிழக்கு ஹாலெமிலே செறிந்து வாழ்ந்தனர். 1969 இல் அங்குள்ள பள்ளிக்கூட அறையொன்றில், றபாயெல் மொந்தானியேஸ் ஓர்ட்டிஸ் என்னும் கலைஞரின் முயற்சியால் 'எல் மியூசியோ டெல் பாறியோ' தோன்றியது. பேட்டையின் நூதனசாலை என்பது அதன் பொருள். வசிக்கும் பேட்டையையே பெயராகத் தாங்கியமையால், அந்நூதனசாலையின் ஒவ்வோர் அறிவித்தலும் தன் அயலாரை முதலில் விளித்தது.

அமெரிக்காவின் மேற்குக் கரையிலோ வரலாறு வேறு வழியிற் சென்றது. 1965 இற் கலிபோர்ணியாவின் டெலானோ என்னும் ஊரில் முந்திரிகைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். (முன்னர்க் கூறிய ஓவியரின் பெயரும் இவ்வூர்ப் பெயரும் ஒத்திருத்தல் தற்செயலே.) தொழிலாளரின் பத்திரிகை மெக்சிக்கோ அச்சோவியங்களை மீள வெளியிட்டது, இளங்கலைஞர் அவற்றைக் கண்டு தாமும் திரையச்சிற் புகுந்தனர். மெக்சிக்கோ வழிவந்த இவ்விளைஞர், முன்பு இழிசொல்லாக வழங்கிய 'சிக்கானோ' என்பதனையே பெருமைப் பெயராக ஏற்றுக்கொண்டனர். சான் பிரான்சிஸ்கோவில் 1970 இல் 'கலேறியா டி லா றாசா' என்னும் கலைக்கூடம் எழுந்தது. அதனை நடத்திய றால்ப் மறாடியாகா கண்காட்சிச் சுவரொட்டிகளையுந் தாமே திரையச்சில் ஆக்கினார். அதே காலத்திற் கிழக்கு லொஸ் ஏஞ்சலிசில், கரென் பொக்கலேறோ என்னும் கத்தோலிக்கத் துறவியார் கலைஞர் சிலருடன் கூடி ஒரு வாகனக் கொட்டகையில் 'செல்ப் ஹெல்ப் கிறபிக்ஸ்' என்னும் பட்டறையைத் தொடங்கினார். இறந்தோர் விழாவை நகர வீதியிற் பொது விழாவாகவும், கலைக்கூடத்திற் கண்காட்சியாகவும் நடத்தும் வழக்கம் 1970களின் தொடக்கத்தில் இவ்விரு நிலையங்களாலேயே அமெரிக்காவிற் பரவியது. இல்லத்திலும் இடுகாட்டிலும் அமைதியாக நிகழ்ந்த வழிபாடு, குடிபெயர்ந்தோர் நகரில் ஊர்வலமாயிற்று. ஊர்வலத்துக்கு அறிவித்தல் இன்றியமையாததாயிற்று.

இங்ஙனம் மக்கள் தம் சுவரிலே கலை வளர்க்க, பெருநூதனசாலைகள் வாளாவிருந்தன. லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் கலை நூதனசாலையிற் சிக்கானோக் கலைக்கு இடமில்லாதிருந்தமையைக் கண்டித்து, 1972 இல் 'அஸ்கோ' என்னும் குழுவைச் சேர்ந்த கலைஞர் மூவர் இரவிற் சென்று அதன் புறச்சுவரிற் தம் பெயர்களை மைத்தெளிப்பால் எழுதினர். மறுநாள் அவை அழிக்கப்பட்டன. அதற்கு முன் எடுத்த ஒளிப்படமே எஞ்சியது. உள்ளே தொங்கவிட மறுத்த சுவரை வெளியே கையொப்பமிட்டுத் தம் படைப்பாக்கிக் கொண்டனர் என அச்செயலுக்கு உரை கூறுவர். 1974 இல் அந்நூதனசாலை சிக்கானோ ஓவியர் நால்வரின் கண்காட்சியை நடத்தியது. 2011 இல் அஸ்கோவின் பணியையே தனிக்கண்காட்சியாக வைத்தது.

அழைப்பின் தன்மையை ஒப்பிட்டு நோக்குதற்கு 1990 ஆம் ஆண்டு இரு கண்காட்சிகளைத் தருகின்றது. அவ்வாண்டு ஒக்ரோபரில் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை, மெக்சிக்கோவின் முப்பது நூற்றாண்டுச் சிறப்பைக் காட்டும் பெருங்கண்காட்சியைத் திறந்தது. கல்லிற் செதுக்கிய பண்டைத் தெய்வங்கள் முதல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஓவியங்கள்வரை அங்கு இடம்பெற்றன. பொருள்களின் சிறப்பில் எவரும் குறை காணார். ஆயினும் அதையொட்டி நகரெங்கும் ஒட்டப்பட்ட சுவரொட்டியிற் பிறீடா காலோவின் தன்னுருவப் படத்தோடு, அவ்விலையுதிர் காலத்தில் மன்ஹாற்றன் மேலும் விசித்திர அழகு பெறும் என்னும் கருத்துப்பட ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. எவருடைய கண்ணுக்கு விசித்திரம்? அந்நகரின் உணவகங்களிலும் கட்டிடங்களிலும் உழைத்த மெக்சிக்கோ மக்களுக்கு அம்முகத்தில் விசித்திரம் ஒன்றுமில்லை. வாசகம் அவர்களை நோக்கிப் பேசவில்லை என்பது வெளிப்படை. இரு நாடுகளும் வர்த்தக உடன்படிக்கைக்கு ஆயத்தமாகிய காலமாதலின், நாட்டையே சரக்காக விற்கும் விளம்பரம் என விமர்சகர் சிலர் அதனைச் சாடினர். காலோவின் முகத்தை அமெரிக்க மண்ணில் முதலில் சுவரொட்டியாக்கிப் போற்றியோருள் சிக்கானோக் கலைஞர் முன்னிற்பர். றூப்பேட் கார்சியா 1975 இலேயே அதனைத் திரையச்சில் ஆக்கினார். கலேறியா டி லா றாசா 1978 இல் அவருக்கு அஞ்சலிக் கண்காட்சி நடத்தியது. அங்கு உறவினராக இருந்தவர், பதினைந்தாண்டில் மன்ஹாற்றனிலே விந்தைப் பெண்ணாகிவிட்டார்.

மற்றைய கண்காட்சி அதற்குச் சில வாரங்களுக்கு முன் லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகக் கூடத்திற் தொடங்கி, 1993 வரை நாட்டின் பல நகரங்களுக்குச் சென்றது. 'சிக்கானோக் கலை: எதிர்ப்பும் உறுதிப்பாடும்' என்பது அதன் பெயர். 1965 முதல் 1985 வரையுள்ள படைப்புக்களைச் சிக்கானோ அறிஞரும் கலைஞரும் கொண்ட குழுக்களே ஆய்ந்து தெரிந்தன. தலைப்பே அழைப்பாக அமைந்தது: தம்மைத் தாம் அழைக்கும் பெயரால் மக்கள் அழைக்கப்பட்டனர். கலையின்பத்தை நாடி வருவோர்க்கு 'எதிர்ப்பு' என்னுஞ் சொல் உவப்பளித்திராது. ஆயினும் அச்சொல்லை நீக்கி இனிப்பூட்டியிருப்பின், அக்கண்காட்சி பொய்யாகியிருக்கும்.

பெயர் பற்றிய இவ்விடர் இன்றுந் தீர்ந்ததன்று. 1968 இல் 'ஹிஸ்பானிக்' மரபுரிமைக்கென ஒரு வாரம் ஒதுக்கப்பட்டு, 1988 இல் அது செப்ரெம்பர் 15 முதல் ஒக்ரோபர் 15 வரையுள்ள மாதமாக விரிக்கப்பட்டது. மத்திய அமெரிக்க நாடுகள் ஐந்தும், அடுத்த நாளில் மெக்சிக்கோவும் விடுதலை விழாக் கொண்டாடும் காலமாதலின் அந்நாள் தெரியப்பட்டது. ஸ்பானிய மொழித் தொடர்பைச் சுட்டும் 'ஹிஸ்பானிக்' என்பதை ஏற்பவரும் உளர். பழங்குடி, ஆபிரிக்க வேர்களை அது மறைக்கின்றது என மறுப்பவரும் உளர். ஆண்பால் ஈறுடைய 'இலத்தீனோ' என்பதற்கு மாற்றாக 'இலத்தீனெக்ஸ்' என எழுதுவோர் அண்மையிற் தோன்றியுள்ளனர். விளம்பரத்தாள் எழுதுபவர் இவற்றுள் ஒன்றைத் தெரிந்தேயாதல் வேண்டும். படத்திலும் இவ்விடர் உண்டு. செவ்வந்தி போன்ற மஞ்சட் பூ, துளையிட்ட வண்ணத்தாள், மண்டையோடு ஆகியவற்றை எல்லா இலத்தீனோ விழாவுக்கும் பொதுச் சின்னமாகப் பொறித்தல், கியூபா, புவேர்ட்டோ றிக்கோ மக்களுக்கு அயலார் ஆடையை அணிவித்தலாகும். 2013 இற் பெரிய திரைப்பட நிறுவனமொன்று இறந்தோர் விழாவின் பெயரையே தன் வியாபாரக் குறியாகப் பதிய விண்ணப்பித்து, மக்கள் எதிர்ப்பைக் கண்டு மீளப்பெற்றமையும் நினைவுகூரத்தக்கது.

இதற்கு மாறான ஒரு முறையைச் சிகாகோவின் பில்சன் பகுதியிற் காணலாம். கார்லொஸ் தொர்த்தொலேறோவும் உடனாசிரியர் சிலரும் 1982 இல் நிறுவிய அமைப்பு, 1987 இல் நூதனசாலையாகத் திறக்கப்பெற்று, இன்று மெக்சிக்கோக் கலைத் தேசிய நூதனசாலை என வழங்குகின்றது. அனுமதி இலவசம், விளக்கங்கள் இரு மொழியிலும் உள்ளன. இறந்தோர் விழாக் கண்காட்சி அங்கு ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. பள்ளி ஆசிரியர் தொடங்கிய நிலையமாதலின், முதலில் அழைக்கப்படுவோர் மாணவராயிருத்தல் வியப்பன்று.

ஒட்டிய தாள் வெயிலில் வெளிறும்; மழையிற் கரையும்; அடுத்த அறிவித்தல் அதனை மூடும். ஆகவே இச்சுவரொட்டிகளுட் பல அழிந்தொழிந்தன. எஞ்சியவை கலைஞரின் பெட்டிகளிலும் அன்பர் வீடுகளிலும் கிடந்தவையே. சாந்தா பார்பறாவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழக நூலகம் கலேறியாவினதும் செல்ப் ஹெல்ப் கிறபிக்சினதும் ஆவணங்களைப் பேணி வருகின்றது. தோமாஸ் இபாறா-பிறவுஸ்தோ என்னும் அறிஞர் தம் சேகரிப்பிலிருந்த சுவரொட்டிகளை 1995 இல் வாஷிங்டனிலுள்ள சிமித்சோனியன் அமெரிக்கக் கலை நூதனசாலைக்கு வழங்கினார். அங்கு 2020 நவம்பரில் 119 படைப்புக்களுடன் சிக்கானோ அச்சுக்கலைக் கண்காட்சி திறக்கப்பட்டு, பெருந்தொற்றினாற் சில நாள்களிலேயே மூடப்பட்டு, 2021 மே மாதத்தில் மீளத் திறந்தது. கண்காட்சிக்கு அழைத்த தாள்களே அங்கு கண்காட்சியாயின.

அமெரிக்க இலத்தீனோ மக்களுக்கெனத் தேசிய நூதனசாலை அமைக்கும் சட்டம் 2020 டிசம்பரில் நிறைவேறியது. அதற்கு முன்னோடியாக, 2022 ஜூனில் தேசிய வரலாற்று நூதனசாலையினுள் ஒரு கூடம் திறக்கப்பட்டது. அதன் முதற் கண்காட்சிக்கு இடப்பட்ட பெயர் 'பிறெசென்ரே'. வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது ஸ்பானிய மொழி பேசும் மாணவன் 'உள்ளேன்' எனக் கூறும் சொல் அது. ஊர்வலங்களில் இறந்த தோழரின் பெயர் விளிக்கப்படும்போது கூட்டத்தார் அவருக்காகக் கூறும் மறுமொழியும் அதுவே. ஆங்கிலத் தலைப்பின் முகப்பில், ஸ்பானிய மரபுப்படி தலைகீழாக நிற்கும் உணர்ச்சிக் குறியோடு அச்சொல் மொழிபெயர்க்கப்படாமலே அச்சிடப்பட்டுள்ளது.