சாலைப் பணியும் நெரிசல் கணக்கும்

நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் தோண்டிக் கிடக்கிறது. சிவப்புக் கொடி அசைகிறது, பேருந்து நின்றுவிடுகிறது. "ஒரு கிலோமீட்டருக்கு வரிசை நிற்கிறதே!" என்று அலுத்துக்கொள்கிறோம். ஆனால் வரிசையின் நீளம் நெரிசலுக்குச் சரியான அளவாகாது. ஐம்பது லாரிகள் நின்றால் நீளும்; ஐம்பது ஸ்கூட்டர்கள் நின்றால் குறுகும். வீணான நேரத்தைக் கணக்கிடுவதே முறை.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வரிசையின் வாலுக்கு அப்பால் ஒருவரும், பணியிடத்தைத் தாண்டி ஒருவரும் நின்று, கடிகாரத்தைப் பார்த்து ஊர்திகளை எண்ணினால் போதும். (இந்நாளில் காமிராக்களும் எண்ணுகின்றன.) அம்மா எழுதும் வரவு செலவுக் கணக்கைப் போன்றதே இது.

காலை 8 மணியிலிருந்து மணிக்கு 1,800 ஊர்திகள் வருவதாகவும், குறுகிய வழியில் 1,500 மட்டுமே செல்வதாகவும் வைத்துக்கொள்வோம். 9 மணிக்கு 300 ஊர்திகள் தேங்கிவிடும். அதன்பின் வரவு 1,200 ஆகக் குறைந்தாலும், தேக்கம் தீர 10 மணியாகும். சராசரியாக 150 ஊர்திகள், இரண்டு மணி நேரம். ஆக 300 ஊர்தி-மணி வீண். கூட்டம் குறைந்த பிறகு, 9.30 மணிக்கு வருபவர்கூட 6 நிமிடம் காத்திருக்க நேர்கிறது பாருங்கள்!

வரவு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்வதுதான் கடினம். 2011 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், முல்ஹாலண்ட் பாலத்தின் ஒரு பாதியை இடிப்பதற்காக, 405ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 16 கிலோமீட்டரை 53 மணி நேரம் மூடுவதாக அறிவித்தார்கள். நகரமே திணறும் என்று அஞ்சினார்கள். மக்களோ வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வேலையும் முன்னதாக முடிந்தது. அஞ்சிய நெரிசல் வரவேயில்லை.

நம் நாட்டுக் கணக்கில் ஒரு குறை நமக்குத் தோன்றுகிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் 1990ஆம் ஆண்டு நெறிமுறையில், காரை 1 என்று கொண்டால் பேருந்து 3. மோட்டார் சைக்கிள் அரை. சாலையில் அடைக்கும் இடத்திற்கு இது பொருந்தும். நேரத்திற்கு? பள்ளி நேரப் பேருந்தில் அறுபது பேர் நெருக்கியடித்து நிற்கிறோம். அது 10 நிமிடம் நின்றால், அனைவருக்குமாக 10 மணி நேரம் போயிற்று. இருவர் அமர்ந்த காருக்கோ 20 நிமிடம்தான். ஊர்தி-மணிக் கணக்கில் இரண்டும் ஒன்றே! எண்ணுபவர் உள்ளே இருப்போரையும் குறித்துக்கொண்டால் 'ஆள்-மணி' கிடைத்துவிடும். அதற்கு வேண்டியது, அவரது ஏட்டில் இன்னும் ஒரு கட்டம்.