மாமல்லபுரம் போகலாம், ஜப்பானிய மொழியில்!

செங்கல்பட்டுப் பக்கம் ஜப்பானிய மொழி கற்பவர்கள் பெருகிவிட்டார்கள். காரணம் தெரிந்ததுதான். 2002ல் தொடங்கிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில், லிஃப்ட் தயாரிக்கும் ஃபுஜிடெக் போன்ற ஜப்பான் நிறுவனங்கள் இருக்கின்றன. ஜப்பான் 2019ல் கொண்டுவந்த திறன்சார் பணியாளர் விசாவுக்கு, இந்தியாவுடன் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டது. முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட வேலைகளுக்கு அங்கே போக அடிப்படை ஜப்பானிய மொழி தேவை.

இதற்காகப் பலரும் எழுதும் ஜே.எல்.பி.டி. தேர்வு, ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கிறது. இதில் படிப்பும் கேட்பும் உண்டு; பேச்சு கிடையாது! விசாவுக்கான இன்னொரு தேர்வான ஜே.எஃப்.டி. பேசிக் முழுக்க கம்ப்யூட்டரில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு எழுதுவது. அதிலும் வாய் திறக்க வேண்டியதில்லை. ஆனால் வேலைக்கான இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசச் சொல்வாரே! கையில் சான்றிதழ் இருந்தும் இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

இதற்கு மருந்து பேசிப் பழகுவதுதான். உடன் வேலை செய்யும் ஜப்பானிய நண்பரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போங்கள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர்தான். அதற்கு முன் ஒரு வாரம் உங்கள் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் வேலை கொடுங்கள்.

முதலில் கீபோர்டு

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் லாங்வேஜ் அண்ட் ரீஜன் என்பதில் கிளிக் செய்திடவும். ஆட் எ லாங்வேஜ் என்ற பட்டனை அழுத்தி, ஜாப்பனீஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்யுங்கள். இதற்கு இன்டர்நெட் இணைப்பு தேவை. பின்னர் விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும். திரையின் கீழே, கடிகாரத்துக்கு அருகில் ஆங்கில ‘ஏ’ எழுத்து தெரிந்தால் அதில் ஒருமுறை கிளிக் செய்யுங்கள். ஹிராகானா எழுத்தாக மாறிவிடும். புதிய கீபோர்டு எதுவும் வாங்க வேண்டாம்.

தமிழை ஆங்கில ஒலிப்பு முறையில் டைப் செய்து பழகியவர்களுக்கு இது விளையாட்டு. ஒலியை ஆங்கில எழுத்தில் அடித்தால் ஹிராகானா வரும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அதற்குரிய காஞ்சி எழுத்துகள் பட்டியலாக வரும். சரியானதில் நின்று என்டர் தட்ட வேண்டும். புதியவர்கள் சிக்கும் இடங்கள் சில உண்டு. ‘வா’ என்று ஒலிக்கும் எழுவாய் ஒட்டுக்கு ஹெச், ஏ கீகளை அழுத்த வேண்டும். ‘எ’ என்று ஒலிக்கும் ஒட்டுக்கு ஹெச், ஈ. சொல்லின் முடிவில் வரும் ‘ன்’ ஒலிக்கு என் கீயை இரண்டு முறை தட்ட வேண்டும்.

ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தங்கத்துக்கு ஜப்பானியச் சொல் ‘கின்’. வெள்ளிக்கும், தமிழில் எழுதினால், ‘கின்’தான்! முதலாவதில் வல்லொலி, இரண்டாவதில் ‘கங்கை’யின் முதல் எழுத்தைப் போன்ற மெல்லிய ஒலி. நம் எழுத்தில் அந்த வேறுபாடு தெரியாது. ஹிராகானாவில் மேலே இரண்டு சிறு கோடுகள் போட்டுக் காட்டிவிடுவார்கள். இந்தக் கட்டுரையில் வரும் சொற்களையும் நோட்பேடில் ஹிராகானாவாக அடித்துச் சேமித்துக்கொள்ளுங்கள்.

தமிழருக்குக் கிடைத்த சலுகை

இலக்கணத்தில் நமக்குப் பெரிய வசதி இருக்கிறது. ‘செங்கல்பட்டு காரா மாமல்லபுரம் மாதே’ என்றால் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை. வரிசை அப்படியே நம்முடையது. ‘இகிமாஸ்’ போகிறேன், ‘இகிமாஸ் கா’ போகிறீர்களா. நம் ‘ஆ’ செய்யும் வேலையை அங்கே ‘கா’ செய்கிறது. இது ‘கோரே’, அது ‘ஆரே’, எது ‘தோரே’. நடுவில் ‘சோரே’ என்று ஒன்று உண்டு, கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதைச் சுட்ட. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இதில் திணறுவார்கள். யாழ்ப்பாணத் தமிழர் இன்றும் சொல்லும் ‘உது’ ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது.

இன்னும் சுவையானது ஒன்று. ‘தாபேதே மிமாஸ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘சாப்பிட்டுப் பார்க்கிறேன்’! ‘காத்தே ஒகிமாஸ்’ என்றால் ‘வாங்கி வைக்கிறேன்’. ஆங்கிலத்தில் இதை நேராகச் சொல்ல வழியே இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்க்காதீர்கள், தமிழில் யோசியுங்கள். டோக்கியோப் பேராசிரியர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே எழுதினார். மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் எப்படியோ போகட்டும், படிப்பவருக்கு ஒற்றுமை லாபம்தான்.

குறில் நெடிலில் மட்டும் கவனம் வேண்டும். ‘ஒஜிசான்’ மாமா, ‘ஒஜீசான்’ தாத்தா. ‘கிதே குதாசாய்’ என்றால் வாருங்கள். ‘கித்தே குதாசாய்’ என்றால் வெட்டுங்கள்! இதைச் சோதிக்க, நோட்பேடைத் திறந்து, மொழியை ஜப்பானியத்துக்கு மாற்றி, விண்டோஸ் கீயுடன் ஹெச் தட்டி மைக்கில் பேசுங்கள். நீங்கள் சொன்னதாகக் கம்ப்யூட்டர் நினைப்பதை அது எழுதிக் காட்டும். மாமா தாத்தாவாகிவிட்டால் மீண்டும் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் சலித்துக்கொள்ளாது.

புறப்படலாமா?

திருக்கழுக்குன்றம் மலை தெரியும்போதே பேச்சைத் தொடங்கலாம். கழுகு ‘வாஷி’, முன்னொரு காலத்தில் ‘முகாஷி’. இந்த இரண்டு சொற்களை வைத்தே ஊரின் பெயருக்குக் காரணம் சொல்லிவிடலாம். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன் நின்று ‘உகோகிமாஸ் கா’ (நகருமா?) என்று கேளுங்கள். தள்ளிப் பார்த்துவிட்டு அவரே ‘உகோகிமாசென்’ (நகராது) என்பார். ஒரு வினை, அதன் வினா, அதன் எதிர்மறை மூன்றும் பாடப்புத்தகம் இல்லாமல் மனதில் நின்றுவிடும். அலைச்சறுக்கு பிடிக்குமா என்றும் கேட்கலாம். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி இங்கேதான் நடந்தது. ஜப்பான் அணியும் வந்திருந்தது.

கடற்கரைக் கோயிலிலும் ஐந்து ரதங்களிலும் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் வேறு, நம்மைவிடப் பல மடங்கு. இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஒரே டிக்கெட்டில் இரண்டு இடத்தையும் பார்க்கலாம். அர்ச்சுனன் தபசுக்கு டிக்கெட் கிடையாது.

வறுத்த மீன் வந்ததும் ‘தாபேதே மிதே குதாசாய்’ (சாப்பிட்டுப் பாருங்கள்) என்று சொல்ல இதைவிட நல்ல இடம் ஏது! காரம் ‘காராய்’. அவர் ‘சோத்தோ...’ என்று இழுத்து நிறுத்தினால், ‘கொஞ்சம்’ என்பது அகராதிப் பொருள். ‘வேண்டாம்’ என்பது உண்மைப் பொருள். நம் ஊர் வழக்கப்படி தட்டில் இன்னொரு துண்டைப் போட்டு வற்புறுத்தாதீர்கள். அவரை ‘நீங்கள்’ என்று சொல்ல அகராதி ‘அனாதா’ என்று தரும். அதைத் தவிர்த்து, பெயருடன் ‘சான்’ சேர்த்து அழையுங்கள். உங்கள் பெயருடன் நீங்களே ‘சான்’ போட்டுக்கொள்ளக் கூடாது.

நாள் முழுவதும் அவரைச் சம்பளமில்லாத வாத்தியாராக்கி விடாதீர்கள். போகும்போது ஜப்பானிய மொழி, வரும்போது தமிழ் என்று வைத்துக்கொண்டால் அவருக்கும் பயன். பஸ்ஸில் டிக்கெட் கேட்கவாவது அவருக்குத் தமிழ் வேண்டும் அல்லவா?

மறுநாள் இன்னொரு வேலை இருக்கிறது. விருந்தோ சுற்றுலாவோ முடிந்த அடுத்த நாள் மீண்டும் ஒருமுறை நன்றி சொல்வது ஜப்பானியர் வழக்கம். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து ‘கினோ வா அரிகாதோ கொசாய்மாஷ்தா’ (நேற்றைக்கு மிக்க நன்றி) என்று ஹிராகானாவில் டைப் செய்து மெயில் அனுப்புங்கள். கினோ, அரிகாதோ இரண்டின் கடைசி ‘ஓ’வும் நெடில், ஓ கீயையும் யு கீயையும் அடுத்தடுத்து அழுத்த வேண்டும். பதில் காஞ்சி எழுத்துகளுடன் வரும். அதைக் காப்பி செய்து கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஒட்டி, ஸ்பீக்கர் படத்தில் கிளிக் செய்தால் படித்துக் காட்டும். முதலில் நீங்களே படித்துவிட்டுக் கிளிக் செய்யுங்கள்.